கல்விச் செலவுக்கு வரித் தள்ளுபடி கேட்டு மனு எழுதுவது எப்படி? வடசென்னைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளைகளின் படிப்புச் செலவில் ஒரு பகுதியை வருமான வரியிலேயே கழித்துத் தர வேண்டும் என்ற கோரிக்கை பட்ஜெட் நெருங்கும்போதெல்லாம் எழுகிறது. பட்ஜெட் முடிந்ததும் அடங்கிவிடுகிறது. தண்டையார்பேட்டையில் வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் நான் இதை ஆதரிக்கிறேன். ஆனால் 'கல்விச் செலவுக்கு வரிச்சலுகை வேண்டும்' என்று ஒற்றை வரியில் எழுதி, நூறு கையெழுத்து வாங்கி அனுப்பும் மனு அப்படியே ஏற்கப்பட்டால்கூட, காசிமேட்டிலும் கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் உள்ள பெரும்பாலான பெற்றோருக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. அதற்கான காரணத்தைத் தெரிந்துகொண்டு மனு எழுத உட்காருவது நல்லது.

வருமானக் கழிவு வேறு, வரித் தள்ளுபடி வேறு. இன்று நடைமுறையில் இருப்பது கழிவு. 1961-ஆம் ஆண்டு சட்டத்தின் 80சி பிரிவு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 123-ஆம் பிரிவாகியிருக்கிறது. அதன்படி இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளியிலோ கல்லூரியிலோ கட்டிய டியூஷன் ஃபீஸை (அதாவது கற்பிப்புக் கட்டணத்தை; மாலை டியூஷன் இதில் சேராது), எல்.ஐ.சி. பிரீமியம், பி.எஃப். ஆகியவற்றோடு சேர்த்து, 1,50,000 ரூபாய் என்ற ஒரே வரம்புக்குள் மொத்த வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஒருவர் பிள்ளைக்காக 80,000 ரூபாய் கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் 30 சதவீத வரி கட்டுபவரானால், வரியின்மேல் பிடிக்கும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 24,960 ரூபாய் மிச்சம். 20 சதவீத வரி கட்டுபவரானால் 16,640 ரூபாய். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாதவருக்குப் பூஜ்யம். வருமானம் கூடக் கூட உதவியும் கூடுகிறது என்பதுதான் கழிவின் இயல்பு. டாக்ஸ் கிரெடிட் என்று சொல்லப்படும் வரித் தள்ளுபடியோ கட்ட வேண்டிய வரியிலிருந்தே நேராகக் கழிவது. செலவில் 25 சதவீதம் தள்ளுபடி என்றால், வரி கட்டும் எல்லோருக்கும் அதே 20,000 ரூபாய்தான்.

இது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. 80சி வருவதற்கு முன்பு இருந்த 88-ஆம் பிரிவு, வரியிலேயே கழித்துத் தரும் தள்ளுபடிப் பிரிவுதான். 2003-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் பிள்ளைக்கு 12,000 ரூபாய் வீதம் இரண்டு பிள்ளைகளின் கல்விக் கட்டணம் அதில் சேர்க்கப்பட்டது. 2005-இல் அந்த முறையைக் கைவிட்டுக் கழிவுக்கு மாறினார்கள். மனுவில் இந்த வரலாற்றை இரண்டு வரியில் குறிப்பிட்டால், முன்பு இருந்ததைத் திருத்தமாகத் திரும்பக் கேட்கிறோம் என்பது படிப்பவருக்குப் புரியும்.

சிக்கல் இனிமேல்தான் வருகிறது. வருமான வரியைக் கணக்கிட இப்போது பழையது, புதியது என்று இரண்டு முறைகள் உண்டு. 80சி (இன்றைய 123) கழிவு பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவருக்கு மட்டுமே கிடைக்கும். 2023-24 நிதியாண்டு முதல், நாமாக மாற்றிக் கேட்காவிட்டால், நம் கணக்கு புதிய முறையில்தான் சேரும். அந்தப் புதிய முறையில் 2025 பட்ஜெட்டுக்குப் பின் 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவருக்கு வரியே இல்லை. மகிழ்ச்சிதான், ஆனால் வரியே இல்லாதவருக்கு வரியிலிருந்து எதைக் கழித்துத் தருவது? ஆட்டோ ஓட்டுநருக்கும் துறைமுக ஒப்பந்தத் தொழிலாளிக்கும் எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கும் வெறும் தள்ளுபடியால் பயன் இல்லை. ஆகவே மனுவில் இருந்தே தீர வேண்டிய சொல் 'திரும்பப் பெறத்தக்க' என்பது. கட்ட வேண்டிய வரியைவிடத் தள்ளுபடித் தொகை அதிகமானால், மீதியை, டி.டி.எஸ். (வருமானம் கைக்கு வரும் முன்பே பிடிக்கும் வரி) கூடுதலாகப் பிடிக்கப்பட்டவருக்கு ரீஃபண்ட் வருவதுபோல, வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்பது அதன் பொருள். இந்த ஒரு சொல் இல்லாத மனுவுக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை.

இதற்கு வெளிநாட்டு முன்மாதிரி கேட்பார்கள். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம், வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்களுக்குப் பள்ளிப் பிள்ளைகளின் தகுதியுள்ள கல்விச் செலவில் 75 சதவீதத்தை, ஓர் உச்சவரம்புக்குள், திரும்பப் பெறத்தக்க தள்ளுபடியாகத் தருகிறது. தனியார் பள்ளிக் கட்டணம் அதில் சேராது. இல்லினாய் மாநிலம் முதல் 250 டாலரை விட்டுவிட்டு மீதிச் செலவில் 25 சதவீதம் தருகிறது; ஆனால் வரி கட்ட வேண்டியிருப்பவருக்கு மட்டும். நாம் காட்ட வேண்டிய முன்மாதிரி முதலாவது.

அடுத்த வேலை, செலவுப் பட்டியல் தயாரிப்பது. இதில் அவசரப்படக் கூடாது. சென்ற ஆண்டு காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் மஞ்சள் பையோடு என் மேசைக்கு வந்தார். பையைக் கவிழ்த்து, ஈரத்தில் ஒட்டிக்கொண்ட ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தோம். பள்ளியின் முத்திரையோடு இருந்தது ஒரே ரசீது. அதில் டியூஷன் ஃபீஸ் 14,000 ரூபாய், 'இதர கட்டணம்' 19,500 ரூபாய். புத்தகத்துக்கும் நோட்டுக்கும் முத்திரை இல்லாத துண்டுச் சீட்டில் 8,200 ரூபாய். வேனுக்கு மாதம் 1,300 வீதம் பத்து மாதம். அதற்கு ரசீதே இல்லை, அவருடைய கணக்கு நோட்டில் பென்சிலால் எழுதியிருந்தார். மாலை டியூஷனுக்கு மாதம் 600. கூட்டிப் பார்த்தால் 60,700 ரூபாய். சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது அதில் 14,000 மட்டுமே. ஏனெனில் 'இதர கட்டணம்' என்ற பெயரில் வாங்கும் வளர்ச்சி நிதியும் நன்கொடையும் கழிவிலிருந்து வெளிப்படையாகவே விலக்கப்பட்டவை, வேனும் புத்தகமும் மாலை டியூஷனும் அதில் இடம்பெறவே இல்லை. 'வரி கட்ற அளவுக்கு எனக்கு வருமானம் இல்ல தம்பி, ஆனா இந்தப் பணத்தை நான் கட்டியிருக்கேன் இல்ல?' என்றார். நான் எழுதித் தந்த மனுக்களில் இந்தக் கேள்வியை விடக் கூர்மையான வாக்கியம் இல்லை.

உங்கள் தெருவிலோ பள்ளி வாசலிலோ பத்துப் பதினைந்து குடும்பங்களிடம் இதே கணக்கை எடுங்கள். கல்விக் கட்டணம், இதர கட்டணம், புத்தகமும் சீருடையும், போக்குவரத்து, தனிப்பயிற்சி என்று பட்டியலில் ஐந்து நெடுவரிசை போதும். ரசீது உள்ளது எது, இல்லாதது எது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறிக்க வேண்டும். தொகையை மிகைப்படுத்திச் சொன்னால் முழுப் பட்டியலும் நம்பிக்கை இழந்துவிடும். மாநகராட்சிப் பள்ளியிலும் அரசுப் பள்ளியிலும் படிக்கும் பிள்ளைகளின் குடும்பங்களைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே கட்டணம் இல்லையே தவிர, நீட் பயிற்சிக்கும் மாலை டியூஷனுக்கும் செலவு இருக்கிறது. பயிற்சி மையக் கட்டணத்தின்மீது 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. ஆதார் எண்ணையும் பான் எண்ணையும் யாரிடமும் வாங்காதீர்கள்; மனுவுக்கு அவை தேவையில்லை, வாங்கிவைத்த தாள் தொலைந்தால் வம்பு உங்களுக்குத்தான்.

கையெழுத்துக் கேட்கும்போது இரண்டு ஆட்சேபங்கள் வரும். வரி கட்டாதவருக்கு எதற்கு வரிப் பணம் என்பது ஒன்று. சோப்பிலிருந்து செல்போன் ரீசார்ஜ் வரை அவரும் ஜி.எஸ்.டி. கட்டிக்கொண்டுதான் இருக்கிறார் என்பது அதற்குப் பதில். வரி கட்டுபவரிடமும், 2018 முதல், சுகாதாரம், கல்வி ஆகியவற்றின் பெயரால் 4 சதவீத செஸ் பிடிக்கப்படுகிறது. இரண்டாவது ஆட்சேபம் கனமானது: இந்தத் தொகை தனியார் பள்ளிகளுக்குத்தானே போய்ச் சேரும், கட்டணத்தை அவர்கள் மேலும் ஏற்றமாட்டார்களா? இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். அதனால்தான் பிள்ளைக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு கேட்க வேண்டும். தமிழகத்தில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு நிர்ணயித்த தொகைக்கு மேல் வசூலித்தது கணக்கில் சேராது என்றும் மனுவிலேயே எழுத வேண்டும். பெற்றோரின் சுமையை அரசு பகிர்வது நம் ஊருக்குப் பழக்கமானதுதான்; வண்ணாரப்பேட்டையில் கல்லூரிப் பெயராக நாம் தினமும் உச்சரிக்கும் தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோதுதான், 1920-இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது.

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். கோரிக்கைப் பத்தி இப்படி இருக்கலாம்:

'மாண்புமிகு நிதியமைச்சர் அவர்களுக்கு, வடசென்னையைச் சேர்ந்த கீழே கையொப்பமிட்ட பெற்றோர் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது: பள்ளிப் பிள்ளைகளின் கல்விக் கட்டணம், புத்தகம், சீருடை, போக்குவரத்து, தனிப்பயிற்சி ஆகிய செலவுகளில் 25 சதவீதத்தை, பிள்ளை ஒன்றுக்கு உரிய உச்சவரம்புக்குள், பழைய, புதிய வரி முறைகள் இரண்டிலும் திரும்பப் பெறத்தக்க வரித் தள்ளுபடியாக வழங்குமாறும், வரி கட்டும் அளவு வருமானம் இல்லாத பெற்றோர் இதைப் பெறுவதற்கு ஒரு பக்க எளிய படிவத்தை அறிவிக்குமாறும் வேண்டுகிறோம். எங்கள் குடும்பங்களின் செலவுப் பட்டியல் இணைப்பு 1-இல் உள்ளது.'

தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர் மனுக் கொடுக்க அரசமைப்புச் சட்டத்தின் 350-ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஆயினும் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றை உடன் வைத்தால் வேலை வேகமாக நடக்கும்.

வருமான வரி ஒன்றிய அரசின் அதிகாரத்தில் இருப்பதால் எம்.எல்.ஏ. அலுவலகத்தில் காத்திருந்து பயனில்லை. அணுக வேண்டியவர் எம்.பி. திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் வடசென்னை மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன. 2024 தேர்தலில் கலாநிதி வீராசாமி மீண்டும் வென்ற தொகுதி இது. பட்ஜெட் 2017 முதல் பிப்ரவரி 1-ஆம் தேதி தாக்கலாகிறது. ஆகவே ஜூனில் பள்ளி திறந்ததும் பட்டியலைத் தொடங்கி, அக்டோபருக்குள் மனுவை முடித்து, குளிர்காலக் கூட்டத்தொடருக்கு முன்பே எம்.பி.யை நேரில் பார்த்துவிட வேண்டும். மனுவைக் கையில் கொடுத்துவிட்டு வருவதோடு நிற்காமல், மக்களவையில், உறுப்பினர்கள் பொதுப் பிரச்சினைகளைச் சபையின் கவனத்துக்குக் கொண்டுவர இடம் தரும் 377-ஆம் விதியின்கீழ் இதை எழுப்புவாரா என்று குறிப்பாகக் கேளுங்கள். இன்னொரு பிரதியை நிதி அமைச்சகத்துக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். மக்களிடம் கருத்துக் கேட்கும் ஒன்றிய அரசின் மைகவ் தளத்தில் பட்ஜெட் யோசனைகள் கேட்கும்போது சுருக்கத்தைப் பதிவு செய்யுங்கள். ஒன்றிய அரசின் சிபிகிராம்ஸ் குறைதீர் தளத்தில் போட வேண்டாம். யோசனைகளை அங்கே குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

பிப்ரவரி 1 அன்று உரையில் எதுவும் வராவிட்டாலும், நிதி மசோதா நிறைவேறும் வரை அரசு திருத்தம் கொண்டுவர இடமுண்டு. அந்த இடைவெளியில் எம்.பி.க்கு ஒரு நினைவூட்டல் போகட்டும். அதன்பின் பத்து ரூபாய் கட்டணத்தில் நிதி அமைச்சகத்துக்குத் தகவல் உரிமை விண்ணப்பம் ஒன்று அனுப்பி, உங்கள் மனுவின் தேதியையும் ஸ்பீடு போஸ்ட் எண்ணையும் குறிப்பிட்டு, அது எந்தப் பிரிவுக்குப் போனது, கோப்பில் என்ன குறிப்பு எழுதப்பட்டது என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வரும் பதிலின் நகலை, அது ஒற்றை வரியாக இருந்தாலும், அடுத்த ஆண்டு மனுவில் இணைப்பு 2-ஆக வையுங்கள்.