பிடிபி-8ஐக் கையால் எழுப்புவது எப்படி

பி.எல்.சி. (ஆலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) வேலை பார்க்கும் தம்பிகள் என் மேசையில் உள்ள பிடிபி-8/ஐ என்ற பழைய கணினியின் முகப்பு நகலைப் பார்த்ததும், "பூட் பட்டன் எதுண்ணே?" என்பார்கள். அசல் இயந்திரத்தில் அந்த வேலையை ஆள்தான் செய்தார்.

கீழே 12 சுவிட்சுகள். மூன்று மூன்றாகப் பார்த்தால் நான்கு ஆக்டல் (0 முதல் 7 வரை) இலக்கங்கள். 7756 வைக்க 111 111 101 110. மேலே இருந்தால் ஒன்று. 'லோட் அட்ரஸ்' போடுங்கள். பிறகு 6032 வைத்து 'டெபாசிட்'. முகவரி தானாக அடுத்ததற்கு நகரும். தொடர்ந்து இதே வரிசையில்:

6031, 5357, 6036, 7106, 7006, 7510, 5357, 7006, 6031, 5367, 6034, 7420, 3776, 3376, 5356.

இதுதான் ரிம் லோடர்: துளை நாடாவைப் படித்து நினைவகத்தில் ஏற்றும் குட்டிப் புரோகிராம். மறுபடி 7756 ஏற்றி, 'எக்ஸாம்' தட்டித் தட்டி விளக்குகளோடு ஒப்பிடுங்கள். சோம்பல் கூடாது.

இரண்டாவது, மூன்றாவது சொற்களை (12 பிட் எண் ஒவ்வொன்றும் ஒரு 'சொல்') கவனியுங்கள். 6031, டெலிடைப்பில் (நாடாவும் படிக்கும் தட்டச்சு இயந்திரம்) எழுத்து வந்துவிட்டதா என்று கேட்கும். வந்திருந்தால் அடுத்த கட்டளையைத் தாண்டும். வராவிட்டால் 5357 திரும்பக் கேட்கச் சொல்லும். ஆலையில் லிமிட் சுவிட்சுக்கு (பாகம் எல்லையைத் தொட்டதும் தட்டும் சுவிட்ச்) காத்திருப்பதும் இப்படித்தான். இந்தக் குடும்பமே கட்டுப்பாட்டு வேலையில் பிறந்தது: கனடாவின் சாக் ரிவர் அணு உலைக்கு என்று எழுந்த தேவையிலிருந்துதான் 1963இல் பிடிபி-5 வந்தது. அதைச் சுருக்கி வேகமாக்கியதே 1965இன் பிடிபி-8. 4096 சொல் நினைவகம், விலை 18,000 டாலர். ஒரு ஆலை தனக்கென்று ஒன்றை வாங்கி இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

இனி பின் லோடர் (உங்கள் புரோகிராமை ஏற்றும் அடுத்த லோடர்) நாடாவை டெலிடைப் ரீடரில் மாட்டி, 7756 ஏற்றி, 'ஸ்டார்ட்'. நொடிக்கு 10 எழுத்துதான்; டீ குடிக்கலாம். ரிம் தானாக நிற்காது, நாடா முடிந்ததும் 'ஸ்டாப்' நீங்களே போட வேண்டும்.

அடுத்து உங்கள் புரோகிராம் நாடா. 7777 ஏற்றி, சுவிட்சுகளை அப்படியே மேலே விட்டு 'ஸ்டார்ட்'. முதல் சுவிட்ச் மேலே இருந்தால்தான் டெலிடைப்பிலிருந்து படிக்கும். நின்றதும் அக்யுமுலேட்டர் (கணக்குப் போடும் பதிவகம்) விளக்குகள் எல்லாம் அணைந்திருந்தால் செக்சம் (நாடா பிழையின்றிப் படிக்கப்பட்டதா என்று பார்க்கும் கூட்டுத்தொகை) சரி. ஒன்று எரிந்தாலும் நாடாவை மறுபடி ஓட்டுங்கள்.

இவ்வளவும் தினமும் செய்ய வேண்டியதில்லை. அசலில் இருந்தது காந்த வளைய நினைவகம். கரண்ட் போனாலும் லோடர் அழியாது. ஏதாவது புரோகிராம் அதன் மேல் எழுதிவிட்டால் 'எக்ஸாம்' போட்டுப் பார்த்து, கெட்ட சொல்லை மட்டும் திருத்தினால் போதும்.