பூல் லீக்கில் விதி கேட்கத் தெரியாமல் இழக்கும் ஆட்டங்கள்

குழிகள் கொண்ட மேசையில் கோலால் பந்துகளை அடித்து ஆடும் பூல் ஆட்டத்தில், எங்கள் லீக் அணியில் இந்தப் பருவம் சேர்ந்த இருவர், தொடக்க ஆண்டுகளில் நான் செய்த தவறுகளை ஏறக்குறைய அதே வரிசையில் செய்துவருகிறார்கள். கியூ என்னும் அந்தக் கோலைப் பிடிக்கும் விதத்தையும் குறிபார்க்கும் விதத்தையும் யாராவது கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். விதியில் ஐயம் எழுந்தால் அதை எப்போது, யாரிடம், எந்தச் சொற்களில் கேட்பது என்பதை மட்டும் எவரும் சொல்லித் தருவதில்லை. அமெச்சூர் லீக் ஆட்டங்களில் பெரும்பாலும் தனியாக நடுவர் இருப்பதில்லை. நாற்காலியில் அமர்ந்திருக்கும் எதிராளியே அந்தப் பொறுப்பையும் பார்க்கிறார் என்பதால், நம்மைத் தோற்கடிக்க வந்தவரிடமே நாம் தீர்ப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

## கேட்காமல் வெள்ளைப் பந்தைக் கையில் எடுப்பது

டபிள்யூபிஏ எனப்படும் உலகப் பூல் பில்லியர்ட் சங்கத்தின் எயிட் பால் (தன் பந்துகளை முடித்தபின் 8ஆம் எண் பந்தைக் குழியில் வீழ்த்துபவர் வெல்லும் ஆட்டவகை) விதிகளின்படி, ஆட்டத்தின் நடுவே எதிராளி ஃபவுல், அதாவது விதிமீறல், செய்தால், கியூவால் அடிக்கும் வெள்ளைப் பந்தை மேசையின் எந்த இடத்திலும் வைத்து ஆடும் உரிமை நமக்குக் கிடைக்கிறது. ‘பால் இன் ஹேண்ட்’ என்பது இதுதான். அந்த உரிமை இல்லாதபோது வெள்ளைப் பந்தைக் கையால் தொட்டால், தொட்டதே நம்முடைய ஃபவுலாகிவிடும். நமக்குக் கிடைத்ததாக நாம் நினைத்த உரிமை எதிராளிக்குப் போய்விடும்.

நான் இதை ஒரு கடைசி ஆட்டத்தில் கற்றேன். எதிராளி தன் பந்தை மிக மெல்லிதாக உரசி அடித்தார். அது ஊர்ந்து சென்று குஷனுக்கு (மேசையின் ரப்பர் விளிம்புக்கு) அருகே நின்றது. எந்தப் பந்தும் குழியில் விழாதபோது, மோதலுக்குப் பிறகு ஏதேனும் ஒரு பந்து குஷனைத் தொட்டாக வேண்டும். அது தொட்டதா என்று நான் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. அப்போது பின்னால் இருந்த அணித் தோழர் பக்கத்தில் இருந்தவரிடம் “ஃபவுலா?” என்று கேட்டார். என் காதில் ‘ஃபவுல்’ விழுந்தது. கடைசியில் இருந்த ‘ஆ’ விழவில்லை. எழுந்துபோய் வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்துவிட்டேன். எதிராளி நாற்காலியை விட்டு அசையாமல், “நான் ஃபவுல் என்று சொல்லவில்லையே” என்றார். இரு கேப்டன்களும் வந்தார்கள். பந்து குஷனைத் தொட்டதை எங்கள் கேப்டனே பார்த்திருந்தார். வெள்ளைப் பந்தை எதிராளியின் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். மிச்சமிருந்த 3 பந்துகளையும், அவற்றுக்குப் பின் 8ஆம் எண் பந்தையும் அவர் நிதானமாக முடித்தார். தோற்றதைக்கூட மறந்துவிட்டேன். என்னுடைய பந்து ஒன்று மூலைக் குழியின் வாயிலேயே நின்றிருந்தது என்பதும், வெள்ளைப் பந்து கிடந்த இடத்திலிருந்தே அதை அடித்திருக்கலாம் என்பதும்தான் இன்றுவரை எரிச்சலூட்டுகின்றன.

சென்ற வாரம் புதியவர்களில் ஒருவர் இதையே செய்தார். எதிராளி உதட்டைப் பிதுக்கியதை அவர் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார். எதிராளியோ குறி தவறியதற்காக வருந்திக்கொண்டிருந்தார். ஆகவே கை நீட்டும் முன் வாய் திறக்க வேண்டும். “இது ஃபவுல்தானே, வெள்ளைப் பந்தை எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று உரக்கக் கேட்டு, “ஆம்” என்ற சொல் வரும்வரை காத்திருங்கள். மறுத்தால் எந்தப் பந்தையும் அசைக்காமல் கேப்டன்களை அழையுங்கள். இதைத் தள்ளிப்போடவும் முடியாது. அடுத்த அடி தொடங்கும் முன் சுட்டிக்காட்டப்படாத ஃபவுல், நடக்காததாகவே கொள்ளப்படும்.

## அடித்த பிறகு கேட்பது

அடித்து முடிந்தபின் கேட்டால், மேசையில் சான்று ஏதும் இருக்காது. இரண்டு பேரின் நினைவுகள் மட்டுமே மோதிக்கொள்ளும். எதிராளியின் இலக்குப் பந்தும் வேறொரு பந்தும் நெருங்கி நிற்கின்றன, வெள்ளைப் பந்து எதை முதலில் தொடும் என்பது ஐயம் என்றால், அவர் குனியும் முன்பே நிறுத்தி, இரு தரப்பும் ஏற்கும் ஒருவரை அருகில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். எது முதலில் பட்டது என்று முடிவுசெய்ய இயலாவிட்டால் அடித்தவருக்குச் சாதகமாகவே தீர்ப்பு அமையும்.

குஷனை ஒட்டிய பந்தும் அப்படித்தான். ஒட்டியிருக்கிறது என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால், ஒட்டவில்லை என்றே கொள்ளப்படும். ஒட்டியதாகச் சொல்லப்பட்ட பந்தோ, அந்தக் குஷனை விட்டு விலகி மீண்டும் அதையோ, இன்னொரு குஷனையோ தொட்டால்தான் கணக்கில் வரும். கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, பந்துக்கும் குஷனுக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறதா என்று இருவருமாகப் பாருங்கள். பார்த்ததை உரக்கச் சொல்லுங்கள்.

## யோசனையை விதி போலக் கேட்பது

நைன் பால் என்ற ஆட்டவகையில் பிரேக்குக்கு (ஆட்டத்தைத் தொடங்கும் அடிக்கு) அடுத்த அடியில் புஷ் அவுட் (எந்தப் பந்தையும் குஷனையும் தொடாவிட்டாலும் ஃபவுல் ஆகாத அடி) ஆட விதியில் இடம் உண்டா என்று அணித் தோழரிடம் கேட்பது விதியைப் பற்றிய கேள்வி. இந்த நிலையில் அதை ஆடுவது நல்லதா என்பது யோசனை கேட்பது. லீக்கைப் பொறுத்து, யோசனை கேட்டதற்காக ஒரு டைம் அவுட்டை (ஆலோசனை இடைவேளையை) இழக்கலாம், ஃபவுலாகவும் கொள்ளப்படலாம். நம் மொழியில் “ஆடலாமா?” என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்துவதால், எதிராளி ஆட்சேபித்தால் நம்மிடம் பதில் இருக்காது. “விதி அனுமதிக்கிறதா?” என்றே கேளுங்கள்.

## எதிராளி குனிந்திருக்கும்போது கேட்பது

கூடவே கூடாது.

## “நாங்கள் இப்படித்தான் ஆடுவோம்”

பிரேக்கிலேயே 8ஆம் எண் பந்து விழுந்தால் வெற்றி என்று கொள்ளும் லீக்குகள் உண்டு. டபிள்யூபிஏ விதியில் அது வெற்றி அன்று. ஃபவுல் இல்லாத பிரேக் என்றால், பந்தை மீண்டும் மேசையில் வைத்துத் தொடரலாம் அல்லது மறுபடியும் பிரேக் செய்யலாம். எந்த விதிப்புத்தகம் என்பதை முதல் ரேக்குக்குப் பந்துகளை அடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

## பின்னால் அமர்ந்து முணுமுணுப்பது

இது ஆடுபவரின் தவறு அன்று, அணியின் தவறு. அன்று “ஃபவுலா?” என்று கேட்ட தோழர் இன்றும் என் பின்னால்தான் அமர்கிறார், ஐயம் வந்தால் இப்போதெல்லாம் வாயைத் திறக்காமல் கேப்டனின் முதுகில் தட்டுகிறார்.