சிலிண்டர் வாயில் பூத்த குமிழ்கள்

புது சிலிண்டர் மாட்டிய இரவு, சமையலறையில் லேசான எரிவாயு வாடை. விளக்குச் சுவிட்சைத் தொடவில்லை. ரெகுலேட்டரை மூடி, கதவையும் சன்னலையும் திறந்துவிட்டேன். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். கதவைத் திறந்தால்தான் வெளியேறும்.

வாடை அடங்கியபின் ரெகுலேட்டரைத் திறந்து, சோப்பு நுரையைக் குழாய் நெடுகத் தடவினேன். குழாயில் ஒன்றுமில்லை. ரெகுலேட்டர் சிலிண்டரோடு சேரும் இடத்தில் மட்டும் கடுகளவு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்தன. ரெகுலேட்டரை மூடிக் கழற்றினேன்; வால்வுக்குள் இருந்த கறுப்பு வாஷர் ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. தீக்குச்சி உரசிக் கசிவு தேடுபவர்களை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

சிலிண்டருக்கு மூடி போட்டுவிட்டு, வெளியே வந்து எரிவாயுக் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-ஐ அழைத்தேன். வந்தவர் வாஷரை மாற்றினார். மறுபடியும் நுரை தடவினேன். ஒரு குமிழ்கூட எழவில்லை.