சமூகப்பணியில் பிஎச்டி செய்துகொண்டே சம்பளத்தோடு கற்பிப்பது எப்படி?

ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்திலிருந்து சமூகப்பணி ஆய்வில் சேரும் பலரும் முதலில் தேடுவது கெஸ்ட் லெக்சரர் வேலையைத்தான். நம் துறையில் அதைவிடச் சீக்கிரம் கைக்கு எட்டுவது ஃபீல்டு ஒர்க் மேற்பார்வை, அதாவது மாணவர்களின் களப்பயிற்சிக்கு வழிகாட்டும் வேலை. வடசென்னைக்காரர்களுக்கு அதில் கூடுதல் அனுகூலமும் உண்டு.

படி 1: ஃபெல்லோஷிப் விதியைப் படியுங்கள்

ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்குகிறீர்களா? 2023 ஜனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் (முதுநிலை உதவித்தொகை) ஆனபின் 42,000. இதை வாங்கிக்கொண்டு வேறு இடத்தில் சம்பளம் வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. "யாருக்குத் தெரியப்போகிறது" என்று சீனியர் சொன்னால் கேட்காதீர்கள். ஃபெல்லோஷிப் இல்லாத முழுநேர ஆய்வாளர் என்றால், உங்கள் பல்கலைக்கழக விதியைப் பார்த்துவிட்டு, கைடு (ஆய்வு நெறியாளர்) வழியாக அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

யுஜிசியின் 2022 பிஎச்டி ஒழுங்குமுறைப்படி ஆய்வாளருக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணி தரலாம். அது பயிற்சிக் கணக்கு. அதை வருமானத்தில் சேர்க்காதீர்கள், ஆனால் அனுபவச் சான்றாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: தகுதியைச் சரிபாருங்கள்

கெஸ்ட் லெக்சரர் ஆக, முதுகலையில் 55 சதவீதத்தோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி கேட்பார்கள். பிஎச்டி இன்னும் முடியாத நிலையில் உங்களுக்கு இருக்கும் நேர்வழி அதுதான். 2019-ல் யுஜிசி விருந்தினர் ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 என்று சொன்னது. கல்லூரிகளில் பிற்பகலில் நடக்கும் ஷிஃப்ட் 2 சுயநிதிப் பிரிவுகளில் அந்தத் தொகையை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

படி 3: ஃபீல்டு ஒர்க் மேற்பார்வை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) மாணவர்கள் பெரும்பாலும் வாரம் இரண்டு நாள் ஏதாவது ஒரு ஏஜென்சிக்கு, அதாவது தொண்டு நிறுவனம் போன்ற களப்பயிற்சி இடத்துக்குப் போகிறார்கள். போனதை ரெக்கார்டாக எழுதுகிறார்கள். அதைப் படித்து, வாராவாரம் தனியாக உட்கார்ந்து பேசுவது ஐசி (இண்டிவிஜுவல் கான்ஃபரன்ஸ்), குழுவாகப் பேசுவது ஜிசி (குரூப் கான்ஃபரன்ஸ்). துறையில் ஆசிரியர் எண்ணிக்கை குறைந்தால் முதலில் அடிவாங்குவது இந்த ஐசிதான். அங்கேதான் உங்களுக்கு இடம்.

ஒரு உதாரணம். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கை ஒட்டிய பகுதிக்குப் போன மாணவி, "மக்களிடம் விழிப்புணர்வு இல்லை, கூட்டத்துக்கு யாரும் வரவில்லை" என்று எழுதியிருக்கிறாள் என்று வையுங்கள். சிவப்பு மையில் ஒரு டிக் போட்டு அனுப்பிவிட்டால் அது மேற்பார்வை ஆகாது. எத்தனை மணிக்குக் கூட்டம் வைத்தாய், அந்த நேரத்தில் பொருள் பொறுக்கப் போனவர்கள் எங்கே இருப்பார்கள், கூட்டம் வேண்டும் என்று முதலில் சொன்னது யார் என்று கேளுங்கள். அவளே அடுத்த வாரத் திட்டத்தை மாற்றி எழுதுவாள். ஜிசியில் அதே விஷயத்தை, பெயர் சொல்லாமல், எல்லாருக்கும் பொதுவாகப் பேசலாம். அந்த ஏரியா எப்போது எழும், எப்போது அடங்கும் என்று தெரிந்தவர்தான் இந்தக் கேள்விகளைக் கேட்க முடியும்.

மாணவர்கள் உங்களை அக்கா, அண்ணா என்று கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். நல்லதுதான். ஆனால் மனநெருக்கடியோடு வருபவரை நீங்களே கவுன்சலிங் செய்ய முனையாமல் கல்லூரிக் கவுன்சலரிடம் அனுப்புங்கள்.

படி 4: யாரிடம் கேட்பது?

துறைத்தலைவருக்கு எழுதுங்கள், ஃபீல்டு ஒர்க் ஒருங்கிணைப்பாளருக்கு நகல் போடுங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும், இரட்டைப்படை செமஸ்டர் தொடங்கும் முன் நவம்பரிலும் எழுதுவது நல்லது. இக்னோவின் சமூகப்பணிப் படிப்புகளுக்கும் ஃபீல்டு ஒர்க் மேற்பார்வையாளர்கள் தேவைப்படுகிறார்கள், கல்வி மையத்தில் விசாரியுங்கள். தூரத்தைப் பார்த்துத் தயங்க வேண்டாம். 1952-ல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் எழும்பூரில் இருக்கிறது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் அடுத்த ஸ்டேஷன்.

கடிதம் இப்படி இருக்கட்டும்: "வணக்கம். நான் சமூகப்பணியில் இரண்டாம் ஆண்டு முழுநேர ஆய்வாளர். காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களைக் குறித்து ஆய்வு செய்கிறேன். தண்டையார்பேட்டை முதல் எண்ணூர் வரையுள்ள ஏஜென்சிகளுக்குச் செல்லும் மாணவர்களுக்கு வாரம் ஒரு நாள் மேற்பார்வை செய்ய முடியும். கைடின் அனுமதிக் கடிதத்தை இணைத்துள்ளேன்." இவ்வளவு போதும். வாழ்க்கை லட்சியமெல்லாம் வேண்டாம்.

படி 5: டெமோ வகுப்பு

வகுப்பு எடுக்கவும் விரும்பினால் டெமோ கேட்பார்கள். வரையறையில் தொடங்காதீர்கள், நிகழ்வில் தொடங்குங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். மீனவர் குடும்பங்களில் முதலில் யாரைச் சந்திப்பீர்கள், ஊர்ப் பஞ்சாயத்தையா, வலை பின்னுபவர்களையா, மீன் விற்கும் பெண்களையா என்று கேட்டால் மக்களை ஒருங்கிணைப்பதைப் பற்றிய சமுதாய அமைப்பாக்கம் பாடம் தானாக ஓடும்.

படி 6: பணத்தைப் பற்றிக் கூசாமல் பேசுங்கள்

சேவை படித்தவர்கள் என்பதால் நம்மிடம் ஓசியில் வேலை வாங்குவது எளிது. "மென்டரிங் உங்களுக்கும் அனுபவம்தானே" என்பார்கள். மதிப்பூதியம் மணிக்கா, மாணவருக்கா, செமஸ்டருக்கா? ஏஜென்சிக்குப் போய்வர பஸ், ஆட்டோ செலவு யாருடையது? ரெக்கார்டு திருத்தும் நேரம் கணக்கில் வருமா? வைவா (வாய்மொழித் தேர்வு) நாளுக்குத் தனியாகத் தருவார்களா? எல்லாவற்றையும் பணி ஆணையில் எழுதச் சொல்லுங்கள். தர மறுத்தால், பேசியதை நீங்களே ஒரு மெயிலாக எழுதி அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள். ஐசி நடந்த தேதியும் மாணவர் கையெழுத்தும் உள்ள ஒரு நோட்டு வைத்திருங்கள். மாதக் கடைசியில் பில்லோடு அதன் நகலையும் அலுவலகத்தில் கொடுங்கள். பான் எண், பாஸ்புக் முதல் பக்கம் இரண்டையும் முதல் மாதமே கொடுத்துவிட்டால் அலைச்சல் குறையும்.