பட்டாசுக் கடைக்கு இடம் அளப்பது எப்படி? முதலில் 50 மீட்டர், பிறகுதான் கொட்டகை

தீபாவளிக்குத் தற்காலிகப் பட்டாசுக் கடை போடுகிறவர்கள் பெரும்பாலும் கொட்டகைக்காரரிடம் முதலில் பேசுகிறார்கள், இடத்தைக் கடைசியில் பார்க்கிறார்கள். வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் ஊர் நெருங்கிவிட்டது. இடம் தேறாவிட்டால் மற்ற எல்லாமே வீண். உரிமம், தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இவற்றை இங்கே எழுதவில்லை. ஒன்று மட்டும்: 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு, வாலாஜா என்றால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்றால் திருப்பத்தூர். பழைய பழக்கத்தில் சத்துவாச்சாரியில் உள்ள வேலூர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் நிற்காதீர்கள்.

விதி என்ன சொல்கிறது

2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள்படி கொட்டகை எரியாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். கொட்டகைக்கும் கொட்டகைக்கும் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி. வீடு, பள்ளி, கோயில், மருத்துவமனை, சந்தை, ரயில் பாதை போன்றவற்றிலிருந்து 50 மீட்டர். எந்தக் கடையும் இன்னொரு கடையைப் பார்த்தபடி இருக்கக் கூடாது. ஒரே தொகுப்பில் 50 கடைக்கு மேல் கூடாது.

முதல் படி: 50 மீட்டரை அளப்பது

பலர் தவறுவது இங்கேதான். கடையில் கிடைக்கும் ஃபைபர் டேப்பில் ஒரு பக்கம் அடி, மறுபக்கம் மீட்டர். டேப் முறுக்கிக்கொண்டால் '50' என்று படிப்பது அடியாகிவிடும். 50 அடி வெறும் 15 மீட்டர்தான். நமக்கு வேண்டியது 164 அடி. அளக்கத் தொடங்கும் முன் அடி அளவு உள்ள பக்கத்தில் ஒரு துண்டு ஒட்டு டேப்பை ஒட்டிவிடுங்கள்.

எங்கிருந்து எங்கே? கொட்டகையின் வெளி விளிம்பிலிருந்து அடுத்த கட்டடத்தின் நமக்கு மிக அருகில் இருக்கும் விளிம்புவரை. கொட்டகையின் நடுவிலிருந்து அல்ல. கடைக்கு முன்னால் மேசையும் தகர நீட்டலும் போடப்போகிறீர்கள் என்றால் அவற்றின் விளிம்புதான் கணக்கு. 30 அடி அகல மனைகள் உள்ள லேஅவுட்டில் 164 அடி என்பது ஏறத்தாழ ஐந்தரை மனை. 'பக்கத்து நாலு மனையும் காலிதான்' என்பது போதாது. தீபாவளிக்குள் குடிவரப்போகும் புது வீட்டையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

செல்பேசி வரைபடத்தில் அளப்பது இடம் தேடுவதற்குச் சரி, முடிவு செய்வதற்குச் சரியல்ல. 50 மீட்டர் ஃபைபர் டேப், சணல் கயிறு, சுண்ணாம்புத் தூள் மூன்றும் போதும். எஃகு டேப் வேண்டாம். மின்கம்பி போகும் மைதானத்தில் அது ஆபத்து. அந்தக் கம்பிக்குக் கீழே கடையும் வேண்டாம்.

இரண்டாம் படி: எத்தனை கடை கொள்ளும்

10 அடிக்கு 10 அடி, அதாவது ஏறக்குறைய 3 மீட்டர் சதுரக் கொட்டகை என்று வைத்துக்கொள்வோம். தனி ஒரு கடைக்குச் சுற்றிலும் 50 மீட்டர் விட்டால் 103-க்கு 103 மீட்டர், ஏறத்தாழ 2.6 ஏக்கர். இதே 10 கடையை ஒரே வரிசையில் போட்டால் வரிசை நீளம் 57 மீட்டர் (10 கடை, 9 இடைவெளி). சுற்றிலும் 50 மீட்டர் சேர்த்தால் 157-க்கு 103, ஏறத்தாழ 4 ஏக்கர். ஐந்தைந்தாக முதுகோடு முதுகு வைத்து நடுவே 3 மீட்டர் விட்டால் வரிசை 27 மீட்டர், ஆழம் 9 மீட்டர். மொத்தம் 127-க்கு 109, ஏறத்தாழ 3.4 ஏக்கர்.

ஒரு கடைக்கு 2.6 ஏக்கர், பத்துக் கடைக்கு 3.4. அதனால்தான் தனித்தனியாகத் தெருவில் தேடாமல் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மைதானம் பார்ப்பது நல்லது. சுற்றியுள்ள நிலம் முழுவதும் உங்கள் கையில் இருக்க வேண்டியதில்லை, அதில் கட்டடம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஏன் முகம் பார்க்கக் கூடாது

தீப்பிடித்த கடையில் வானவெடிப் பெட்டி கவிழ்ந்தால் வெடிகள் மேலே பாயாது, கடையின் திறந்த வாய் வழியாகக் கிடைமட்டமாகப் பாயும். எதிரே இன்னொரு கடையின் திறந்த வாய் இருந்தால் 3 மீட்டர் எதற்கும் ஆகாது. முதுகோடு முதுகு என்றால் நடுவில் இரண்டு தகரச் சுவர் நிற்கும்.

மூன்றாம் படி: கயிறு பிடித்தல்

மூலைமட்டத்துக்கு 3, 4, 5 அடிக் கணக்கு: மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி. பிறகு வரிசையின் இரண்டு மூலைவிட்டமும் சமமா என்று பாருங்கள். கொட்டகைக்காரர் வருமுன் இடைவெளியையும் சுண்ணாம்பில் கோடு போட்டு, 'இங்கே ஒன்றும் வரக்கூடாது' என்று காட்டிவிடுங்கள்.

இடைவெளியைத் தின்பது மழை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வரும். உடனே இரண்டு கொட்டகைக்கு நடுவே தார்ப்பாயோ ஷாமியானா துணியோ கட்டுவார்கள். அந்த நொடியில் இரண்டு கடையும் ஒரு கடையாகிவிட்டது, தீ துணி வழியே தாவும். கீற்றும் கூடாது. கூரைத் தகரத்தையே ஓரடி சரிவாக இறக்குங்கள், தரையில் செங்கல் வைத்து ரேக்கை உயர்த்துங்கள். காலி அட்டைப் பெட்டிகளையும் இடைவெளியில் அடுக்காதீர்கள்.

மின்சாரம்

விளக்கு சுவரிலோ கூரையிலோ பதித்திருக்க வேண்டும். தொங்கும் வயர், சீரியல் பல்பு கூடாது. வரிசைக்கு ஒரு மெயின் சுவிட்ச். எண்ணெய் விளக்கும் கேஸ் விளக்கும் அறவே கூடாது.

பின்சேர்க்கை: மூன்று கேள்விகள்

டீக்கடை பக்கத்தில் இருக்கலாமா? கூடாது. 2021 அக்டோபரில் கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்தில் நடந்த பட்டாசுக் கடை விபத்தில் பக்கத்து பேக்கரியின் சிலிண்டர்களும் வெடித்தன. அதே ஆண்டு ஏப்ரலில் நம் வேலூர் மாவட்டத்து லத்தேரியில் பட்டாசுக் கடைத் தீயில் 3 பேர் இறந்தார்கள், அவர்களில் 2 பேர் சிறுவர்கள். பிள்ளைகளைக் கடைக்குள் உட்கார வைக்காதீர்கள்.

தீப்பெட்டி விற்கலாமா? குடியாத்தத்தில் தீப்பெட்டி மலிவாகக் கிடைக்கும் என்பதால் கேட்கிறார்கள். அதே கொட்டகையில் வேண்டவே வேண்டாம்.

வாங்குபவர் ஒன்று கொளுத்திப் பார்க்கலாமா? கொட்டகையிலிருந்து 50 மீட்டருக்குள் வெடிக்கக் கூடாது. அதற்கு அப்பால் போகச் சொல்லி அனுப்புங்கள்.

மீந்த சரக்கை வீட்டுப் பரணுக்கோ மளிகைக் கடைக் கிடங்குக்கோ கொண்டுபோகாதீர்கள். உரிமம் உள்ள கிடங்கோடு முன்கூட்டியே பேசி, உரிமக் காலம் முடிவதற்குள் ஏற்றிவிடுங்கள்.