சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்ற இறால் பாஸ்தா

சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாஸ்தாவை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. அளவும் வேகும் பதமும்தான் முக்கியம். உலர்ந்த பாஸ்தாவில் ஏறத்தாழ 70 சதவீதம் மாவுச்சத்து என்பதால், கண்ணளவை நம்பாமல், ஒருவருக்கு 50 கிராம் முழுக்கோதுமை பாஸ்தாவை எடை போட்டே எடுங்கள். கடித்தால் நடுவில் சற்றே உறுதி தெரியும் பதத்தில் வடித்துவிடுங்கள். குழைந்த பாஸ்தா விரைவில் செரித்து இரத்தச் சர்க்கரையை வேகமாக உயர்த்தக்கூடும். வடித்த நீரில் அரைக் கோப்பையை எடுத்து வையுங்கள்.

பாஸ்தா வேகும்போதே, அகன்ற வாணலியில் 2 தேக்கரண்டி ஆலிவ் எண்ணெயை ஊற்றி, நசுக்கிய பூண்டை வதக்கி, ஈரம் ஒற்றி எடுத்த 150 கிராம் இறாலை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் போதும். சாம்பல் நிறம் மாறி, இளஞ்சிவப்பாகி, அரைவட்டமாக வளைந்ததும் எடுத்துவிட வேண்டும். முழு வட்டமாகச் சுருண்டால் ரப்பர் போல் இறுகிவிடும்.

அதே வாணலியில் நறுக்கிய தக்காளியையும் இரண்டு கைப்பிடி கீரையையும் வதக்கி, பாஸ்தாவையும் எடுத்து வைத்த நீரையும் சேர்த்துப் புரட்டினால், அந்த நீரிலுள்ள மாவே குழம்பைக் கெட்டியாக்கும், கிரீம் தேவைப்படாது. சர்க்கரை சேர்த்திருக்கக்கூடிய புட்டி சாஸும் வேண்டாம். இறுதியாக இறால், மிளகுத்தூள், எலுமிச்சைச் சாறு சேர்த்துச் சூடாகப் பரிமாறுங்கள்.