தமிழ் வினாத்தாள் எந்தக் கணினியில் திறந்தாலும் குலையாமல் இருக்க

மலையகத்தில் இன்று ஒரு மாதிரி வினாத்தாள் பிள்ளையின் கைக்கு வருவதற்குள் மூன்று நான்கு கணினிகளைத் தாண்டிவிடுகிறது. ஆசிரியரின் மடிகணினியில் விண்டோஸ் இருக்கும். மாலை வகுப்பு நடக்கும் தோட்டத்து மண்டபத்தில், யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த பழைய கணினியில் உபுண்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஓடும். பேராதனையில் படிக்கும் அக்கா பிழை திருத்தித் தருகிறேன் என்றால் அவரிடம் மெக் இருக்கலாம். கடைசியில் ஹட்டன் டவுனில் ஒரு போட்டோகொப்பி கடையில் அச்சாகும். இந்த வழியில் எங்கோ ஓரிடத்தில் எழுத்து குலைகிறது, படம் இடம் மாறுகிறது, இரண்டு பக்கத் தாள் மூன்றாகிறது. உடனே "லினக்ஸில் திறந்தால் அப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறோம். நான் பார்த்த வரையில் பெரும்பாலும் பழுது ஆவணத்தைத் தயாரித்த விதத்தில்தான் இருக்கிறது. அதைச் சரிசெய்யப் பணம் தேவையில்லை, பழக்கத்தை மாற்றினால் போதும்.

தரம் 5 புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாளை உதாரணமாக வைத்து விளக்குகிறேன். மரண உதவிச் சங்கக் கணக்குக்கும் கோயில் திருவிழா நோட்டீஸுக்கும் இதே முறைதான்.

படி 1: கோப்பைப் பெறுபவர் என்ன செய்யப் போகிறார்?

அனுப்புவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாசிக்கவோ அச்சடிக்கவோ மட்டும் என்றால் பிடிஎப் போதும், வேறு எதுவும் அனுப்ப வேண்டாம். அவர் திருத்த வேண்டும் என்றால்தான் வேர்ட் கோப்பு. பாதித் தொல்லை இந்த ஒரு கேள்வியோடு தீர்ந்துவிடும்.

படி 2: பாமினியை விட்டு யுனிகோடுக்கு மாறுங்கள்

நம் நாட்டில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவர்கள் ஏராளம். எத்தனையோ சஞ்சிகைகளும் அழைப்பிதழ்களும் அதில் வந்தன. ஆனால் பகிர்வதற்கு அது ஒத்துவராது. காரணம் இதுதான். பாமினியில் "அம்மா" என்று அடித்தால் கோப்புக்குள் உண்மையில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். பாமினி எழுத்துரு அந்த ஐந்தின் மேலும் தமிழ் உருவத்தைப் போட்டுக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உருவம் போய்விடும், ஆங்கிலக் குறிகள் மட்டும் மிஞ்சும். விண்டோஸிலிருந்து விண்டோஸுக்கு அனுப்பினாலும் இதே கதைதான்.

யுனிகோட் என்பது உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரம். அதில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உண்டு. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. எண் ஒன்றாக இருப்பதால் எழுத்துரு மாறினாலும் "அ" எப்போதும் "அ"தான்.

உங்களிடம் இருக்கும் கோப்பு எந்த வகை என்று தெரியவில்லையா? ஒரு வரியைத் தெரிவு செய்து எழுத்துருவை ஏரியல் என்று மாற்றிப் பாருங்கள். தமிழாகவே இருந்தால் யுனிகோட். ஆங்கிலக் கிறுக்கலாக மாறினால் பாமினி போன்ற பழைய எழுத்துரு. பார்த்த பிறகு கன்ட்ரோல் இசட் அழுத்தி மீட்டுக்கொள்ளுங்கள்.

பழைய கோப்புகளை மாற்ற, இணையத்தில் "பாமினி யுனிகோட் மாற்றி" என்று தேடுங்கள். விண்டோஸ் என்றால் என்எச்எம் கன்வெர்ட்டரும் இருக்கிறது. இங்கே ஒரு கவனம் தேவை: முழுப் பக்கத்தையும் ஒரேயடியாக மாற்றியில் போடாதீர்கள். இடையில் ஆங்கிலச் சொல் ஏதும் இருந்தால் அதையும் பாமினி என்று நினைத்துத் தமிழாக்கிவிடும். தமிழ்ப் பகுதிகளை மட்டும் துண்டு துண்டாக எடுத்து மாற்றுங்கள்.

விரல் பாமினிக்குப் பழகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். விண்டோஸில் என்எச்எம் ரைட்டரை நிறுவினால், அதே பாமினி விசை முறையில் அடித்து யுனிகோடாகவே பெறலாம். உபுண்டுவில் ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவினால், இலங்கையில் தமிழுக்கு வழங்கும் ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கும்.

படி 3: எல்லோரிடமும் ஒரே எழுத்துரு

யுனிகோடுக்கு மாறியதும் எழுத்து குலைவது நின்றுவிடும், ஆனால் பக்கம் நீளலாம். விண்டோஸில் லதாவிலோ நிர்மலா யூஐயிலோ அடித்ததை லினக்ஸ் தன்னிடமுள்ள வேறொரு தமிழ் எழுத்துருவில் காட்டும். எழுத்தின் அகலம் மாறும், வரி மடங்கும், கடைசிக் கேள்வி அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவைக் கூகுள் பொண்ட்ஸ் தளத்தில் இலவசமாகத் தரவிறக்கலாம். வந்த சிப் கோப்பை விரித்து, ஸ்டெட்டிக் என்ற கோப்புறைக்குள் இருக்கும் ரெகுலர், போல்ட் இரண்டையும் மட்டும் எடுங்கள். விண்டோஸில் வலது சொடுக்கி இன்ஸ்டோல் கொடுங்கள். உபுண்டுவிலும் மெக்கிலும் இரட்டைச் சொடுக்கினால் இன்ஸ்டோல் பொத்தான் வரும். ஆவணத்தில் கைவைக்கும் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும்.

ஆங்கிலப் பகுதிக்கு டைம்ஸ் நியூ ரோமன், ஏரியல், கலிப்ரி போதும். லினக்ஸில் இவை இல்லாவிட்டாலும், அங்கே வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் இலவச மென்பொருளான லிப்ரே ஒபிஸ் இவற்றுக்குப் பதிலாக முறையே லிபரேஷன் செரிப், லிபரேஷன் சான்ஸ், கார்லிட்டோவைப் போடும். அகலம் அப்படியே பொருந்தும்படி உருவாக்கியவை அவை, அதனால் வரி நகராது. புதிய வேர்டில் தானாக வரும் அப்டோஸ் எழுத்துருவுக்கு அப்படி ஒரு துணை இல்லை. அதை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

படி 4: ஸ்பேஸ் பாரால் இடம் ஒதுக்காதீர்கள்

என்னைக் கேட்டால், இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. பல்தேர்வு வினாவுக்கு நான்கு விடைகளை ஒரே வரியில் கொடுக்கிறோம்: தேயிலை, இறப்பர், தென்னை, கறுவா. இடைவெளிக்காக ஸ்பேஸ் பாரைப் பன்னிரண்டு தடவை தட்டுகிறோம். நம் திரையில் நேராகத் தெரியும். எழுத்துரு கொஞ்சம் மாறினாலும் நான்காவது விடை கீழ் வரிக்கு இறங்கிவிடும். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் "கறுவா" எந்த வினாவின் விடை என்று எப்படித் தெரியும்?

இதற்கு ஒரு வரிசை, நான்கு நிரல் கொண்ட அட்டவணை போடுங்கள். வேர்டில் இன்செர்ட், டேபிள். லிப்ரே ஒபிஸில் டேபிள், இன்செர்ட் டேபிள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு விடையை எழுதி, போர்டர்ஸ் என்பதில் கோடுகளை நீக்கிவிடுங்கள். அடுத்த வினாவுக்கு இதையே பிரதி எடுக்கலாம்.

விடை எழுதும் புள்ளிக்கோடும் அப்படித்தான். புள்ளியை விடாமல் அழுத்திக்கொண்டு இருக்காதீர்கள். வரியின் வலது ஓரத்தில் ஒரு டெப் நிறுத்தம் வைத்து, லீடர் என்பதில் புள்ளியைத் தெரிவு செய்யுங்கள். லிப்ரே ஒபிஸில் அதன் பெயர் பில் கரெக்டர். பிறகு டெப் விசையை ஒரு தடவை தட்டினால் கோடு ஓரம் வரை தானாக ஓடும்.

புதிய பக்கத்துக்கு என்டரைத் தட்டித் தட்டி இறங்காமல் கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்துங்கள், மெக் என்றால் கமாண்டும் என்டரும். படங்களுக்கு வேர்டில் இன் லைன் வித் டெக்ஸ்ட், லிப்ரே ஒபிஸில் அங்கர், அஸ் கரெக்டர். படம் ஓர் எழுத்தைப் போல வரியோடு ஒட்டிக்கொள்ளும், அலையாது.

அப்புறம் தாளின் அளவு. உபுண்டுவை அமெரிக்க ஆங்கிலத்தில் நிறுவியிருந்தால் புதிய ஆவணம் லெட்டர் அளவில் திறக்கலாம். அது 216க்கு 279 மில்லிமீட்டர். நம் கடைகளில் இருப்பது 210க்கு 297 அளவுள்ள ஏ4. போர்மட், பேஜ் ஸ்டைலில் போய் முதலிலேயே மாற்றுங்கள், கடைசியில் மாற்றினால் எல்லாம் நகரும்.

படி 5: சேமிக்கும் வகை

வேர்டும் லிப்ரே ஒபிஸும் கலந்து புழங்கும் இடத்தில் டொக்எக்ஸ் வகையையே வைத்துக்கொள்ளுங்கள். 2007 வேர்டிலிருந்து வரும் வகை இது. லிப்ரே ஒபிஸில் சேமிக்கும்போது வேர்ட் வகையிலேயே வைக்கட்டுமா என்று கேட்கும், ஆம் என்று கொடுங்கள். எல்லோரிடமும் லிப்ரே ஒபிஸ்தான் என்றால் அதன் சொந்த வகையான ஓடிடி இன்னும் நல்லது. அது 2006இலேயே ஐஎஸ்ஓ தரமாக ஏற்கப்பட்ட திறந்த வகை. பழைய டொக் வகையில் புதிதாக எதையும் சேமிக்க வேண்டாம்.

திருத்த அனுப்பும்போதும் கூடவே ஒரு பிடிஎப் அனுப்புங்கள். தாள் எப்படி இருக்க வேண்டும் என்று பெறுபவர் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். வேர்டில் சேவ் அஸ், பிடிஎப். லிப்ரே ஒபிஸில் எக்ஸ்போர்ட் அஸ் பிடிஎப். அங்கே ஹைபிரிட் என்ற பெட்டியில் குறியிட்டால், அந்தப் பிடிஎப்பையே லிப்ரே ஒபிஸில் திறந்து திருத்தவும் முடியும். அதிகம் பேர் கவனிக்காத நல்ல வசதி.

படி 6: கோப்பின் பெயரும் பென் ட்ரைவும்

பெயரில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, சாய்கோடு, நட்சத்திரக் குறி வேண்டாம். லினக்ஸ் இவற்றில் பலவற்றை ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. திகதி போடுவதென்றால் ஆண்டு, மாதம், நாள் என்று சிறுகோடு இட்டு எழுதுங்கள், வரிசையும் தானாக ஒழுங்காகும்.

பென் ட்ரைவ் எக்ஸ்பெட் என்ற சேமிப்பு வகையில் இருந்தால் விண்டோஸ், லினக்ஸ், மெக் மூன்றும் வாசிக்கும், எழுதும். விண்டோஸின் என்டிஎப்எஸ் வகை என்றால் மெக் வாசிக்கும், ஆனால் அதில் எழுதாது. வகையை மாற்ற போர்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும், முதலில் வேறிடத்தில் பிரதி எடுங்கள்.

படி 7: அனுப்புவதும் அச்சடிப்பதும்

வட்ஸ்அப்பில் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பாமல், இணைப்புக் குறியைத் தட்டி டொகியுமென்ட் என்பதன் வழியாகக் கோப்பாகவே அனுப்புங்கள். மழை நாளில் சிக்னல் விட்டு விட்டு வரும் தோட்டங்களில் கூகுள் டொக்ஸில் எல்லோரும் சேர்ந்து திருத்தும் முறையை நான் சொல்வதில்லை. கோப்பை ஒருவர் திருத்தி முடித்துப் பெயரின் கடைசியில் எண்ணை ஒன்று கூட்டி அடுத்தவருக்கு அனுப்பினால் குழப்பம் வராது.

கடைக்குப் பிடிஎப்பை மட்டும் கொண்டுபோங்கள். அச்சுப் பெட்டியில் எக்சுவல் சைஸ் என்று வைக்கச் சொல்லுங்கள், பிட் என்று இருந்தால் எழுத்து சிறுத்துவிடும். முதலில் ஒரு பிரதி வாங்கி, வினா இலக்கமும் விடைகளும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மீதியை அடிக்கச் சொல்லுங்கள்.